கனத்தது மேலே வருமாம்!

விண்ணை விரித்து விண்மீன்களை விதைத்தவனும், மண்ணை நனைத்து மணிநெல்லை விளைத்தவனும், பேசாத வாய்க்குப் பேச்சையும் பேசும் வாய்க்குப் பிழையையும் தந்தவனுமாகிய வல்லோன் அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகிறேன்.

தலைமை நாற்காலியை அலங்கரித்துக்கொண்டு, நான் வாய் திறப்பதற்கு முன்னரே கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னை அச்சுறுத்தும் அன்புக்குரிய முகைதீன்பாவா ஹாஜியார் அவர்களே! பள்ளிவாசலின் பொறுப்பைத் தோளில் சுமக்கும் மரைக்கார்மாரே! வயலையும் வரம்பையும் வாழ்வாய்க் கொண்ட போடிமாரே! கரைவலை இழுத்த கை காயுமுன் கூட்டத்துக்கு ஓடிவந்த கடலின் மைந்தர்களே! ஓலைத் தட்டிக்கு அப்பால் அமர்ந்து, எங்கள் முகத்தைப் பாராமலே எங்கள் மூளையை நிறுத்துக்கொண்டிருக்கும் தாய்மாரே, தங்கைமாரே! காரைதீவிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தத் தட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கேஸ்வரி டீச்சர் அவர்களே! அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். டீச்சருக்கு என் தனி வணக்கம்.

இந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது? நமது இளந்தென்றல் வாசிகசாலையின் முற்றத்தில் நடக்கிறது. அழகான மண்டபம் இருக்க, வெயிலில் முற்றம் எதற்கு? மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியவன் யார்? வேறு யார், இந்த வாசிகசாலையின் பொருளாளனும் பொல்லாதவனுமாகிய இந்தக் கச்சிமுகம்மதுதான்! சாவி எங்கே? இதோ, என் பச்சைப் பெல்ட்டின் பைக்குள் கிடந்து என் வயிற்றைக் குத்திக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமைதோறும் தங்கேஸ்வரி டீச்சர் இந்த மண்டபத்தில் நமது பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தார். பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை. இந்த வகுப்பு இல்லையென்றால் அவர்களுக்குப் பௌதிகமே இல்லை; பௌதிகம் இல்லையென்றால் பல்கலைக்கழகக் கனவும் இல்லை. பரீட்சையோ பக்கத்தில் வந்துவிட்டது. அந்த வகுப்பு இருப்பதா, இறப்பதா? அதுதான் இன்றைய கேள்வி. செயலாளர் தம்பி மர்சூக் எழுதித் தந்த பிரேரணை என் சட்டைப் பையில் இருக்கிறது. ‘போடியாரின் வயலுக்கு நட்டம் விளைவித்த வகுப்பை இச்சபை மூடுகிறது.’ நான் அதை முன்மொழிய வேண்டும், நீங்கள் கை தூக்க வேண்டும், எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் நான் இந்த மேடை ஏறினேன்.

ஏறினேனே தவிர, என் பெருமக்களே, என் புத்தி என்னோடு ஏறவில்லை! கீழேயே நின்றுகொண்டு, “போடியார், நீங்க செல்லப் போறது சரியா?” என்று கேட்கிறது. நாற்பது கூட்டத்தில் முழங்கிய நாவு இன்று தடுமாறுகிறது. புறப்படும்போது என் மனைவி சுபைறா வாசலில் வைத்தே சொன்னாள், “இஞ்ச பாருங்க, மேடையக் கண்டா நீங்க காத்தாடி மாதிரிச் சுத்துவீங்க. இண்டைக்காவது நேராக் கதைச்சிட்டு வாங்க” என்று. தாய்மார் பக்கம் சிரிப்பொலி கேட்கிறது. சிரியுங்கள் சுபைறா, சிரியுங்கள்! நேராகத்தான் கதைக்கப் போகிறேன். ஆனால் நேர் எது, கோணல் எது என்பதிலேதான் எனக்குச் சந்தேகம்.

நட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கினியாகலைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்தது. சிறுபோகத்துக்கு உழுதோம், பலகை அடித்தோம், விதைத்தோம். மற்றவர் வயலெல்லாம் பச்சைப் பட்டு விரித்தாற்போல் முளைத்தது. என் வயல்? அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நடுவிலே நாலு கொக்கு! பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் வரம்பில் நின்றுகொண்டு, “என்ன போடியார், வயலுக்கு மொட்டை அடிச்சா?” என்று கேட்டார். அந்த மனிதர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். எழும்ப வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும்.

தண்ணீரில் குறையா? இல்லை. உரத்தில் குறையா? இல்லை. விதையில்தான் குறை. விதையை எடுத்தது யார்? என் முல்லைக்காரன் சீனிமுகம்மது. என் வயல் வேலையாட்களுக்கெல்லாம் தலைவன். என் வாப்பா காலத்திலிருந்து நெல் மிதிக்கும் எங்கள் களவெட்டியில் நின்றவன். அவனுக்கு விதைநெல் எடுக்கத் தெரியாது என்றால், மீனுக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லலாம்.

விதைநெல் எப்படி எடுப்போம்? வயற்காரருக்குத் தெரியும், வலைக்காரருக்காகச் சொல்கிறேன். களவெட்டியில் சூடு மிதித்த பிறகு, மூன்று கால் அவுரியில் ஒருவன் ஏறி நிற்பான். சுளகை உயர்த்திக் காற்றிலே நெல்லைச் சொரிவான். கனத்த மணி காலடியில் விழும். நடுத்தர மணி கொஞ்சம் அப்பால் விழும். பாதி நிறைந்த அரைநெல்லும் பதரும் காற்றோடு பறந்து கடைசி அந்தத்தில் கிடக்கும். விதைக்கு எதை அள்ளுவோம்? காலடி நெல்லை! கனத்த நெல்லை! இது நமக்கு யாரும் சொல்லித்தந்த பாடமா? தாய்ப்பாலோடு வந்த பாடம். ஆனால் சீனிமுகம்மது இந்த முறை காலடி நெல்லை மில்லுக்கு அனுப்பிவிட்டு, கடைசி அந்தத்தில் கிடந்ததை அள்ளி விதைச் சாக்கில் கட்டினான்.

வயல் மொட்டையான பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. “அட, என்னடா சீனி, உனக்கு வெறியா?” என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தக் கூட்டத்துக்கே வித்து. “கோவிக்காதீங்க போடியார். உங்கட மகள் கமீலா புள்ள ராச்சோத்து நேரம் உம்மாக்கிட்டச் செல்லிட்டிருந்த. வானத்துல சில நச்சத்திரம் இரிக்காம். அதுல கனத்த சாமான்தான் தள்ளுப்பட்டு ஆக எட்டத்துக்குப் போகுமாம். டீச்சர் படிப்பிச்சதாம். வானத்துக்கு ஒரு சட்டம், களவெட்டிக்கு ஒரு சட்டம் எண்டு அல்லாஹ் வெப்பானா? அதான் எட்டத்தில கிடந்தத அள்ளின.”

கேட்டீர்களா கதையை! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தக் கோபத்தில் நேரே வந்து மண்டபத்தைப் பூட்டினேன். அன்றிலிருந்து என் மகள் கமீலா என்னோடு கதைப்பதில்லை. நான் முன்னால் இருக்க, “உம்மா, வாப்பாக்குத் தேத்தண்ணி வெச்சிரிக்கெண்டு செல்லுங்க” என்கிறாள். நானும் விட்டேனா? “சுபைறா, தேத்தண்ணியில சீனி காணாதெண்டு உங்கட மகளுக்குச் செல்லுங்க” என்கிறேன். நடுவிலே சுபைறா தபாற்காரி! சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வாய் மூடியிருந்தால் சோறு இறங்குமா? எனக்கு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், ட்ரக்டரை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். எதற்கு? டீச்சரோடு சண்டை பிடிக்க. நானே உண்மையைச் சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார். படலையைத் திறக்கும்போதே, “டீச்சர், கனத்தது மேலே போகுமெண்டு படிப்பிச்சது நீங்களா?” என்று கத்தினேன். அவர் பதறவில்லை. “ஓம் போடியார், நான்தான். முதல்ல இருங்க, கேட்டுட்டுப் பிறகு ஏசுங்க” என்று கதிரையை இழுத்துப் போட்டார். அந்தக் கதிரையில் இருந்ததிலிருந்துதான் எனக்கு இந்தக் குழப்பம் பிடித்தது. கோபத்தோடு போனவன் குழப்பத்தோடு வந்தேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பிழைத்தால் டீச்சர் திருத்தட்டும். நம் சூரியனைவிடச் சூடான வெள்ளை நட்சத்திரங்கள் வானத்தில் ஏராளம் உண்டு. அவற்றுள் சில, விசித்திர நட்சத்திரங்கள். பெயரே அதுதான், நான் வைத்ததல்ல. மற்ற நட்சத்திரங்களில் இருக்கும் அளவுக்கு மேலாக, அவற்றின் வளிமண்டலத்தில் பாரமான மூலகங்கள் குவிந்து கிடக்கின்றன. சிலதில் மங்கனீசு, சிலதில் குரோமியம், சிலதில் பாதரசம். பாதரசம் என்றால் என்ன? டொக்டர் நாவுக்குக் கீழே வைக்கும் காய்ச்சல் குழலுக்குள் ஓடுகிறதே, அந்தப் பாதரசம். அது சூரியனில் இருப்பதைப் போல லட்சம் மடங்கு அங்கே மேலே மிதக்கிறதாம். இரும்பையே மிதக்க விடும் பாரம் அது. அது மிதப்பதாவது! பாரத்தில் குறைந்த, பலூனைப் பறக்கவிடும் ஈலியமோ கீழே இறங்கிவிடுகிறதாம். கனத்தது மேலே, இலேசானது கீழே! தலைகீழான களவெட்டி!

“டீச்சர், அங்க போய்ப் பாத்தது ஆரு?” என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவர், “அடுப்பு நெருப்புல உப்பு விழுந்தா என்ன நிறம் வரும் போடியார்?” என்று திருப்பிக் கேட்டார். மஞ்சள் நிறம், எல்லோரும் கண்டதுதானே. அப்படியே ஒவ்வொரு மூலகத்துக்கும் சொந்தமாகச் சில நிறங்கள் உண்டாம். சூடான நெருப்பில் அந்த நிறங்களை உமிழும். வெளிச்சம் ஊடாக வரும்போது அதே நிறங்களைப் பிடித்துக்கொள்ளும். நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கண்ணாடிப் பட்டகத்தால் வானவில்லாகப் பிரித்துப் பார்த்தால், இடையிடையே சில நிறங்கள் காணாமல் போயிருக்கும். காணாமல் போன நிறத்தைக் கொண்டு களவெடுத்தவன் யார் என்று கண்டுபிடிக்கிறார்கள். நம்ம ஊரில் தேங்காய் களவு போனால் இப்படிக் கண்டுபிடிக்க ஒருவனும் இல்லை.

“நெல்லுக்கு வாங்க போடியார்!” என்று ஒரு தம்பி குரல் கொடுக்கிறார். வாறன் தம்பி, வாறன். நெல்லுக்குப் போகும் வழியில்தான் நட்சத்திரம் இருக்கிறது. நான் எங்கே விட்டேன்? ஓம், களவு.

பாரம் எப்படி மேலே போகும்? அதுதானே கேள்வி? கருங்கல்லைக் கடலில் போட்டால் மிதக்குமா? தேங்காய் தானாக மரத்தில் ஏறுமா? இதையெல்லாம் நான் அடுக்கினேன். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். “கரையில கிடக்கிற தேங்காய் மட்டையவிடத் தோணி பாரம்தானே போடியார்? காத்து அடிக்கிற நேரம் எது ஓடுது?” நான், “தோணிக்குப் பாய் இருக்கு டீச்சர்” என்றேன். “அந்த அணுக்களுக்கும் பாய் இருக்கு” என்றார்.

அந்தப் பாய் என்ன பாய்? நட்சத்திரத்தின் உள்ளேயிருந்து வெளிச்சம் ஓயாமல் வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது. வெளிச்சமும் ஒரு காற்றுத்தான், தள்ளும். ஒவ்வோர் அணுவும் தனக்குரிய நிறத்தைப் பிடிக்கும்போது, மேல்நோக்கி ஒரு சின்னத் தள்ளு வாங்குகிறது. பாரமான அணுக்கள் பல, ஒரு நிறம் இரண்டு நிறமல்ல, ஏராளமான நிறங்களைப் பிடிக்கும். பாய்மேல் பாய், பாய்மேல் பாய்! கீழே இழுக்கும் பாரத்தைவிட மேலே தள்ளும் வெளிச்சம் வலுத்தால், அணு ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் நின்று மிதக்கும். ஈலியத்துக்கு அங்கே பாய் போதாது; அது இறங்கும்.

இன்னொன்றும் சொன்னார். அருமையாகக் கிடக்கும் மூலகத்துக்குத்தான் தள்ளு அதிகம் கிடைக்குமாம். நமது கலியாண வீட்டுச் சஹன் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். சோறு பரப்பிய ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தால் வயிறு நிறையும். அறுநூறு பேர் குந்தினால்? ஆளுக்கொரு பருக்கை! ஒரே நிறத்தை ஆயிரம் பேர் பங்குபோட்டால் ஆளுக்குக் கிடைப்பது கொஞ்சம். பாதரசம் போல அரிய ஆள் வந்தால், அவருக்குத் தனிச் சஹன்.

இங்கேதான் என் தலை கிறுகிறுத்தது. அப்படியென்றால் எல்லா நட்சத்திரத்திலும் பாதரசம் மிதக்க வேண்டுமே? ஏன் மிதக்கவில்லை? அதற்கு அவர் சொன்னது ஒரு சொல். அமைதி.

எழுபத்தெட்டாம் ஆண்டுக் கார்த்திகைச் சூறாவளியை மறந்தோமா? மறப்போமா? கடல் வயலுக்குள் வந்தது. வயல் தெருவுக்குள் வந்தது. இந்த வாசிகசாலைக் கூரை குளத்துக்குள் போனது. தென்னை விழுந்தது, வீடு விழுந்தது, நம்மில் எத்தனை பேர் மௌத்தாகிப் போனார்கள். விதைநெல்லும் பதரும் மண்ணும் மணலும் உப்பும் ஒன்றாய்க் கலந்து கிடந்ததே, அதிலே எது மணி, எது மண் என்று எவனால் பிரிக்க முடிந்தது? பெரும்பாலான நட்சத்திரங்கள் அப்படித்தானாம். சுழலும், கொதிக்கும், கலங்கும். நம் சூரியனின் மேற்புறமே ஒரு கஞ்சிப் பானை. வெளிச்சம் மெல்ல மெல்லத் தூக்கியதைக் கலக்கம் ஒரு புரட்டில் கீழே இழுத்துவிடும். விசித்திர நட்சத்திரங்களோ மெதுவாய்ச் சுழல்பவை, மேற்புறம் கொதிக்காதவை. சிலவற்றில் பெரிய காந்தம் ஒன்று முளையடித்தாற்போல் பிடித்தும் வைத்திருக்கும். அந்த அமைதியில், லட்சக்கணக்கான ஆண்டுகளில், மெல்லிய வெளிச்சம் கனத்ததைத் தூக்கி மேலே வைத்துவிடுகிறது. படித்தவர்களுக்குள்ளேயும் இதில் சண்டை இன்னும் தீரவில்லை என்றும் டீச்சர் சொன்னார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும் குழம்பவில்லை!

ஹாஜியார் மணியைத் தட்டுகிறார். தட்டுங்கள் ஹாஜியார். மஃரிப் தொழுகைக்கு முன்னர் முடித்துவிடுவேன்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னைக் குடைந்தது. “டீச்சர், அப்ப அந்த நட்சத்திரம் முழுக்கப் பாதரசமா?” என்றேன். “இல்லை போடியார், மேலதான். உள்ளுக்கு எல்லாம் சாதாரணம்” என்றார். ஆஹா! நெல் மூடையின் வாயில் நல்ல நெல்லைப் போட்டு, அடியில் பதரைத் திணிக்கும் வியாபாரம் வானத்திலும் நடக்கிறது! வியாபாரிமார் ஏன் முகத்தைத் திருப்புகிறீர்கள்? நான் பொதுவாகத்தான் சொன்னேன்.

சரி, நெல்லுக்கு வந்துவிட்டேன். நான் கடைசியாகக் கேட்டேன். “டீச்சர், களவெட்டி பொய்யா, நட்சத்திரம் பொய்யா? ரெண்டுல ஒண்டு பொய்யாத்தானே இருக்கணும்?” அவர் சிரித்துக்கொண்டு, “ரெண்டும் ஒரே சட்டம்தான் போடியார்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனிமுகம்மது சொன்னதும் அதுதானே? வானத்துக்கு ஒன்று, களவெட்டிக்கு ஒன்று என்று அல்லாஹ் வைப்பானா என்று கேட்டானே!

விளக்கம் இதுதான். களவெட்டியில் மணிக்கும் பதருக்கும் உருவம் ஒன்று. காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தள்ளுகிறது. பாரம்தான் வேறு. ஆகவே கனத்தது கிட்ட விழுகிறது. நட்சத்திரத்தில் பாரமும் வேறு, தள்ளும் வேறு. கனத்ததற்கே பெரிய பாய். ஆகவே கனத்தது ஏறுகிறது. இரண்டு இடத்திலும் இழுப்பும் தள்ளும் மல்லுக்கு நிற்கின்றன; வென்றது எது என்பதுதான் வித்தியாசம். சட்டம் ஒன்று! சீனிமுகம்மது சட்டத்தில் பிழைக்கவில்லை. பாயைத்தான் மறந்தான்.

அப்படியானால் பிழை யாருடையது? படிப்பித்த டீச்சருடையதா? அவர் நெல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவேயில்லை. படித்த கமீலாவுடையதா? அவள் படித்ததை உம்மாவுக்குச் சொன்னாள். அதில் என்ன குற்றம்? கேட்ட சீனியுடையதா? என்னுடையதா? தம்பி மர்சூக்குடையதா? முறைக்காதீர்கள் தம்பி, கணக்கு எல்லோருக்கும் பார்க்க வேண்டாமா! எனக்குத் தெரியவில்லை, பெருமக்களே. இந்தப் பிரேரணையை எடுக்கக் கையை விடுகிறேன். கை பைக்குள் போகிறது, வெளியே வர மறுக்கிறது.

யார் அங்கே எழும்புவது? சீனிமுகம்மதுவா? என்ன, ஒருக்கா நிப்பாட்டச் சொல்கிறாயா? ஹாஜியார், அனுமதி கொடுங்கள். ஒலிவாங்கி வேண்டாம், அவன் குரல் வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்கும். செல்லு சீனி!

இன்று அவன் குரலும் இறங்கிவிட்டது, தாய்மார் பக்கம் கேட்கவில்லையாம். அவன் சொன்னதை நான் சொல்கிறேன். அவன் சொல்கிறான்: “போடியார், புது நெல்லு வந்த நேரம் நான் வேணாமெண்டு நிண்ட. ஊரெல்லாம் வெளைஞ்சி, என்னப் பாத்துச் சிரிச்ச. உரம் வந்த நேரமும் எதிர்த்த. மறுகாயும் சிரிச்ச. இந்த முறை படிச்ச ஆக்கள்ர கதைய எதிர்க்கக் கூடா எண்டு நெனச்சன். டீச்சரில பிழையில்ல. நான் சுவருக்கு அங்கால இருந்து அரைவாசிக் கதையக் கேட்ட மனிசன். உள்ளுக்கு இருந்து முழுக்கக் கேட்டிருந்தா, அந்தப் பாயையும் கேட்டிருப்பன். உங்கட வயலும் முளைச்சிருக்கும். மண்டபத்தப் பூட்டாதீங்க போடியார். பூட்டினா நாங்க எல்லாரும் சுவருக்கு அங்காலதான்.”

இரு சீனிமுகம்மது, இரு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரு.

பெருமக்களே! கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கப் பார்த்ததை ஒரு முல்லைக்காரன் ஒரு மூச்சில் முடித்துவிட்டான். அரைநெல்லை விதைத்ததால் என் வயல் மொட்டையானது. அரைக்கதையை விதைத்ததால் அரைநெல் வந்தது. வகுப்பு நடந்ததால் வந்த நட்டமா இது? வகுப்பு சுவருக்கு உள்ளே மட்டும் நடந்ததால் வந்த நட்டம்! அதற்கு மருந்தாக நான் என்ன செய்தேன்? இருந்த கதவையும் பூட்டினேன்! எனக்கு விளங்காததையெல்லாம் பூட்டுவதென்றால், இந்தக் கல்முனையில் எத்தனை பூட்டு வாங்க வேண்டும்? முதற்பூட்டை என் வாய்க்கல்லவா போட வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் பெண்பிள்ளையைப் பெற்றவனைப் பார்த்து என்ன சொல்வோம்? “வீட்டுல குமர் இருக்கு, அவருக்குப் பாரம்தான்” என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். கமீலாவின் காதுபடவே சொல்லியிருக்கிறேன். வீடு கட்டிக்கொடுக்க வேண்டும், சீதனம் கொடுக்க வேண்டும், பாரம், பாரம், பாரம்! அந்தப் பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த மண்டபத்துக்கு வந்து தன் பாயைத் தானே தைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவளைத் தள்ளத் தொடங்கியிருந்தது. நான் என்ன செய்தேன்? சூறாவளியாய் வந்து கலக்கினேன். வெளிச்சம் தூக்கும், ஆனால் நாம் கலக்காமல் இருந்தால் மட்டும்தான் தூக்கும். நமது வீட்டில் அந்த அமைதி இருக்கிறதா? நமது ஊரில் இருக்கிறதா? ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துக் கேளுங்கள். நான் வைத்துக் கேட்டேன். பதில் நன்றாக இல்லை.

தம்பி மர்சூக், இந்தாருங்கள் உங்கள் பிரேரணை. அழகான கையெழுத்து, வேறு நல்ல காரியத்துக்கு உதவும். இதற்குப் பதிலாக நான் ஒன்று முன்மொழிகிறேன். வகுப்பு தொடரட்டும். சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்காக, மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார ஒரு நீள வாங்கு போடுவோம். அதில் முதல் ஆளாகச் சீனிமுகம்மது இருப்பான். இரண்டாவது ஆள் நான். வழிமொழிவோர் யார்? ஹாஜியார், கை தூக்கியது நீங்களா? கடிகாரம் பார்க்கவில்லையே? நல்லது. ஓலைத் தட்டிக்கு மேலே எத்தனை கை தெரிகிறது, பாருங்கள்! வளையல் சத்தத்தில் எனக்கு என் பேச்சே கேட்கவில்லை.

டீச்சர், இப்படி வாருங்கள். பிடியுங்கள் சாவியை. உங்கள் வீட்டுப் படலையில் நின்று கத்தினேன், மனதில் வைக்காதீர்கள்.

மகள் கமீலா! தட்டிக்கு அப்பால் நீ இருப்பது எனக்குத் தெரியும். உம்மாவிடம் சொல்லி அனுப்பவில்லை. ஊர் கேட்க, ஒலிவாங்கியில், நானே கேட்கிறேன். அந்தப் பாய்க் கதை வாப்பாக்கு இன்னும் சரியா விளங்கல்ல மகள். வீட்டுக்குப் போனதும் முதலிலிருந்து ஒருக்காச் சொல்லித் தருவாயா?

அமைதியாக இருங்கள், அமைதியாக இருங்கள். யாரும் கலக்க வேண்டாம்.

“ஓம் வாப்பா.”

கேட்டதா உங்களுக்கு? எனக்குக் கேட்டது. அது போதும், இந்தப் போகம் எனக்கு விளையாவிட்டாலும் பரவாயில்லை.

மஃரிப் நேரம் நெருங்கிவிட்டது. பொறுமையோடு வெயிலில் இருந்த உங்களுக்கும், இறுதிவரை மணியை உடைக்காமல் வைத்திருந்த தலைவருக்கும், உண்மையை எழுந்து சொன்ன சீனிமுகம்மதுக்கும், ஏச வந்தவனுக்குக் கதிரை தந்த டீச்சருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வெளிச்சத்தையும் நமக்கு நிதானத்தையும் தரட்டும். எல்லோருக்கும் ஸலாம், டீச்சருக்கு வணக்கம். கதவைத் திறவுங்கள், வாங்கை உள்ளே எடுத்துப் போடுவோம்.